இருபத்தொரு மில்லிமீட்டர்

விளையாட்டு என்று பெயரிட்டு நாம் ஒதுக்கிவிடும் சில செயல்களுக்குள் மனிதர் தம் வாழ்வின் ஆழமான பற்றுகளை வைத்துப் பேணுவதுண்டு. இரயில் மாதிரிகளை அமைக்கும் கலை அத்தகையது. பொம்மை வண்டியை வட்டமாக ஓடவிட்டுக் கைகொட்டும் சிறுவனின் ஆட்டம் அன்று அது. ஓர் ஊரின் இரயில் நிலையத்தை, அதன் நடைமேடை, கைகாட்டி மரம், சரக்குக் கொட்டகை, வேலியோரப் புதர் ஆகியவற்றோடு, குறித்த ஓர் ஆண்டில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பலகையின்மேல் எழுப்பும் நெடும்பணி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இப்பணிக்குத் தம் மாலைப் பொழுதுகளையெல்லாம் கொடுத்தவர் பலர்.

குருக்கள் சிலரையும் இக்கலை ஈர்த்திருக்கிறது. 'தாமஸ்' என்னும் நீராவி எஞ்சினின் கதைகளால் உலகெங்கும் அறியப்பட்ட வில்பர்ட் ஆட்ரி ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். தம் கதைகளில் வரும் கிளைப்பாதையைத் தாமே மாதிரியாகச் செய்தவர். அதே திருச்சபையின் பீட்டர் டென்னி, 'பக்கிங்ஹாம்' என்ற தம் மாதிரிப் பாதையைப் பல பத்தாண்டுகள் விடாது வளர்த்தார். ஒரு நிலையத்தை அவரும் மற்றொன்றை அவர் மகன் கிறிஸ்பினும் இயக்கி வந்தனர். மகன் உடனில்லாத நாள்களுக்கென, அவன் செய்யும் வேலையைச் செய்ய ஒரு பொறியை அமைத்து, அதற்குத் 'தானியங்கிக் கிறிஸ்பின்' என்று பெயரிட்டார். பிரிவையும் ஒரு விளையாட்டுக்குள் வைத்துத் தாங்கத் தெரிந்த தந்தை அவர்!

டென்னி தம் பலகையின்மேல் எழுப்பியது நீராவியின் காலத்தை. என் மனத்தைத் தொட்டதோ, அதன் பின் வந்த டீசல் எஞ்சின்களை மாதிரியாக்குவோரின் உழைப்பு. நீராவி எஞ்சினுக்கு அன்பர்கள் எளிதில் கிடைத்தனர். அதன் இடத்தைப் பறித்துக்கொண்ட டீசலை ஆர்வலர் பலர் தொடக்கத்தில் வெறுத்தனர். பிரிட்டிஷ் இரயில்வே 1955-இல் வெளியிட்ட நவீனமயத் திட்டம் நீராவிக்கு முடிவுரை எழுதியது. 1968 ஆகஸ்ட் மாதத்தில் அந்த முடிவும் வந்தது. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் வந்திறங்கிய 22 'டெல்டிக்' எஞ்சின்கள், 3300 குதிரைத்திறனோடு லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின. 1982 ஜனவரி 2-ஆம் நாள் அவை விடைபெற்றபோது, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டது. உழைத்த நாளில் கிடைக்காத அன்பு, ஓய்ந்த நாளில் கிடைத்தது.

அயர்லாந்தில் மாற்றம் இன்னும் விரைவாக நிகழ்ந்தது. 1963-க்குள் அந்நாட்டு அரசுப் போக்குவரத்து நிறுவனமான ஸி.ஐ.ஈ. நீராவியைக் கைவிட்டது. அதற்கு முன்பே மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் நிறுவனத்திடமிருந்து 60 பெரிய எஞ்சின்களும், 34 சிறிய எஞ்சின்களும் வந்திருந்தன. பெரியவை 'ஏ' வகை. சிறியவை 'சி' வகை. வெள்ளி நிறம் பூசி வந்த அவை, புகையும் எண்ணெயும் படிந்து விரைவிலேயே கறுத்தன. அவற்றின் கிராஸ்லி இயந்திரங்கள் அடிக்கடி பழுதடைந்தன. பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பிறகே அவற்றுக்கு நற்பெயர் கிட்டியது. 'சி' வகையின் கதை இன்னும் துயரமானது. கிளைப்பாதைகளுக்கெனவே 1957, 1958-ஆம் ஆண்டுகளில் அவை வந்தன. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அக்கிளைப்பாதைகள் பலவும் மூடப்பட்டன. கார்க் நகரிலிருந்து பாண்டன் வழியே பாண்ட்ரி வரை சென்ற மேற்குக் கார்க் பாதை, 1961 மார்ச் இறுதியோடு மூடப்பட்டது.

2012 முதல் மூன்று ஆண்டுகள் அவ்வட்டாரத்துப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாகப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நோயாளர் சந்திப்புக்குச் சென்ற வீடொன்றில், அந்தப் பாதையில் 1954 முதல் மூடுவிழா நாள்வரை சுமைதூக்கும் பணியாளராக இருந்த பெரியவர் ஒருவரை அறிமுகம் கொண்டேன். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். மகனின் காலியான அறையில், தாம் வேலை செய்த சிறு நிலையத்தை அவர் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் முன் ஒரு கடினமான தெரிவு இருந்தது. அதை விளக்கச் சிறிது கணக்கு வேண்டும். பிரிட்டிஷ், அயர்லாந்து மாதிரிகள் பெரும்பாலும் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில், அதாவது 76-இல் ஒரு பங்காகச் செய்யப்படுகின்றன. ஆனால் அவை ஓடும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், இது 87-இல் ஒரு பங்கு என்ற ஐரோப்பிய அளவுக்குரியது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அந்நாளைய மோட்டார்கள் அவற்றின் மாதிரிகளுக்குள் அடங்கவில்லை. எனவே உடலைப் பெரிதாக்கி, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டனர். அயர்லாந்தில் முரண் இன்னும் பெரிது. அந்நாட்டு அகலப்பாதை 5 அடி 3 அங்குலம். மாதிரியில் அது 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையோ அதைவிட நான்கரை மில்லிமீட்டர் குறுகலானது. ஆயினும் பெரும்பாலோர் அதையே ஏற்று மகிழ்ச்சியோடு ஓட்டுகின்றனர். அதில் குற்றமேதும் இல்லை.

பெரியவருக்கு அப்போது 77 வயது. பார்வை மங்கி, விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஆயத்தப் பாதையை வாங்கினால் ஓராண்டில் நிலையம் முழுவதையும் முடித்துவிடலாம் என்று நண்பர்கள் அன்போடு அறிவுறுத்தினர். 21 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டையையும் கையால் பதிக்க வேண்டும். எஞ்சினின் அச்சுகளையும் அகலப்படுத்த வேண்டும். முடிக்கும் வரை உயிரோடிருப்போமா என்பதும் உறுதியில்லை. அவர் என்னிடம் சொன்னார்: "அந்தக் கட்டைகளின்மேல் நடந்து வேலைக்குப் போனவன் நான், ஃபாதர். அதன் அகலம் என் கால்களுக்குத் தெரியும். குறுகலாகப் போட்டால் அது வேறு யாருடைய நிலையமோ ஆகிவிடும்."

எனவே அவர் திட்டத்தைக் குறைத்தார், அளவைக் குறைக்கவில்லை. சரக்கு முற்றத்தையும் இரண்டாம் பாதையையும் விட்டுவிட்டு, ஒரே நடைமேடையும் மூன்று மீட்டர்ப் பாதையும் போதும் என்று வரையறுத்தார். இந்த அளவில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். அவர் செய்ததோ மைலில் ஏழில் ஒரு பங்குதான். அதற்கே ஏறத்தாழ 300 கட்டைகள். செப்புப் பூச்சுள்ள சிறு கட்டைகளில் தண்டவாளத்தை ஈயப்பற்று வைத்து இணைத்து, நாளுக்குப் பத்துக் கட்டைகள் என முன்னேறினார். பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி 'சி' வகை எஞ்சின் ஒன்றையும் செய்தார். பளபளக்கும் வெள்ளி நிறம் பூசி, அது உலர்ந்ததும் நீர்த்த கறுப்பும் பழுப்பும் தடவித் துணியால் துடைத்து அழுக்காக்கினார். அழகாக இருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டேன். "சுத்தமாக அதைச் சில நாள்கள்தான் பார்த்தோம், அழுக்காகத்தான் அது எங்களுக்கு உழைத்தது" என்றார்.

நடைமேடையில் இரண்டே பயணிகளை நிறுத்தியிருந்தார். கூட்டம் வைத்தால் களையாக இருக்குமே என்றார் உடன் வந்த ஒருவர். கடைசி ஆண்டில் அந்த வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டு பேர்தான் வந்தனர் என்று பெரியவர் அமைதியாகப் பதிலளித்தார். தம் வாழ்வின் நேசத்தை அவர் அழகுபடுத்தவில்லை. அது ஏன் மூடப்பட்டது என்பதற்கான சான்றையும் தம் கையாலேயே அதன் நடுவில் வைத்தார்.

2015-இல் நான் விடைபெற்றபோது, பாதை முழுமையடைந்திருந்தது. நிலையக் கட்டடமோ பாதிக்குமேல் வெறும் அட்டையாகவே நின்றது. அந்த 'சி' வகை எஞ்சின் மூன்று மீட்டர் ஓடிச் சாலைப் பாலத்தின்கீழ் மறைந்தது. பாலத்துக்கு அப்பால் பாண்ட்ரி இருப்பதாக இருவரும் ஏற்றுக்கொண்டோம்.

அடக்கச் சடங்குகளில் இறந்தோரைப் பற்றி உறவினர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அவருடைய பாதை எனக்கு நினைவுக்கு வருகிறது. நாம் நேசித்தவரின் உருவத்தைப் பெரிதாக்குகிறோம். அவர் நடந்து வந்த பாதையின் அகலத்தை, அதாவது அவர் பட்ட கடனையும் சுமந்த கோபத்தையும் பொறுத்த அவமானத்தையும், வசதிக்கேற்பக் குறுக்கிவிடுகிறோம். அன்பினால்தான் அவ்வாறு செய்கிறோம். ஆயினும், அன்பு வாசகரே, எவ்வளவு சிறிதாகச் சுருக்கினாலும் எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கும் நினைவில்தான் அந்த மனிதர் தம்மைத் தாமே அடையாளம் கண்டுகொள்வார்.