ஆரஞ்சு ஒயரை மறக்காதீர்கள்



இந்த முறை கார் ஸ்டீரியோவைப் பற்றி எழுதுகிறேன். ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு அதில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். ராத்திரியில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும், முக்கியமாக என் வயதுக்காரர்களுக்கு, உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

காரோடு வந்த பழைய ரேடியோ ஓய்ந்துபோனதால், போன மாதம் பெரிய திரை வைத்த புது செட் ஒன்று கடையில் மாட்டினோம். பகலில் நன்றாகத்தான் இருந்தது. மரக்காணத்தில் அக்காவைப் பார்த்துவிட்டு இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவைக்குத் திரும்பும்போதுதான் தொல்லை தெரிந்தது. வெளியே கும்மிருட்டு, உள்ளே டேஷ்போர்டில் டியூப்லைட் போட்ட மாதிரி வெளிச்சம். முன் கண்ணாடியிலும் அதன் பிம்பம். விளக்கில்லாத சைக்கிள்காரர் ஒருவர் வெகு அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டார். வீட்டம்மா துண்டை எடுத்துத் திரையை மூடினார்.

விஷயம் மகள் காதுக்குப் போனது. "அப்பா, இனிமே ராத்திரியில வண்டி எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. அவசரம் பகல் பார்த்தா வரும்?

முதலியார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். செட்டை வெளியே இழுத்தவர், டேப் சுற்றி ஓரமாக விட்டிருந்த ஒரு ஒயரைக் காட்டினார். "இதை யாருமே கொடுக்கல சார். இது இல்லாட்டியும் பாட்டு பாடும், அதான் விட்டுட்டாங்க."

வெளியே வாங்கி மாட்டும் செட்டுகளில் ஒயர் நிறங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவியைத் திருப்பினால் வருவது. கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நான்கு ஸ்பீக்கர்களுக்கு. ஆரஞ்சு, அல்லது வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு, "லைட் போட்டாச்சு" என்று செட்டுக்குச் சேதி சொல்லும் ஒயர். பார்க்கிங் லைட் எரியும்போது அதில் 12 வோல்ட் வந்தால் திரை தானாக மங்கும்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, காரின் கப்ளரில் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். லைட் சுவிட்சை முதல் சுற்றுத் திருப்பினால் 12 வோல்ட், அணைத்தால் பூஜ்யம். அப்படிக் காட்டியதுதான் வேண்டிய ஒயர். பிறகு மீட்டர் பலகையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினார். வோல்ட் மாறவில்லை. மாறினால் அந்த ஒயரை எடுக்கக் கூடாது. திரை மினுக்கும், அல்லது சேதியே சரியாகப் போகாது. பகலிலும் எரியும் டிஆர்எல் விளக்கின் ஒயரும் உதவாது. வெயிலில் திரை தெரியாமல் போகும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இணைத்தார். இதில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம், மெல்லிய ஒயரே போதும். ஆனாலும் நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டார். "ஏம்பா?" என்றேன். "ஒயர் உரசி பாடியில பட்டா பார்க்கிங் ஃபியூஸ் போயிடும் சார். பின்னாடி லைட்டும் சேர்ந்து அணையும். வர்ற லாரிக்கு நீங்க தெரிய மாட்டீங்க." வகுப்பில் ஃபியூஸ் பாடம் நடத்தியவன் நான். இவ்வளவு நன்றாக நான் சொன்னதில்லை. கடைசியில் செட்டின் மெனுவில் டிம்மரை 'ஆட்டோ'வில் வைத்தார். புதிய கார்கள் சிலவற்றில் இந்தச் சேதி தனி ஒயரில் வராது, கேன்பஸ் வழியாக வரும். அதற்குத் தனிப் பெட்டி வேண்டும். கண்ட ஒயரை வெட்டக் கூடாது.

ஏன் இவ்வளவு பாடு? நம் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கென்று இருப்பவை கோல் செல்கள். அவை இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கெடும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது, கண்கூச்சமும் கூடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். கண் தடுமாறும் இரண்டே நொடியில் 33 மீட்டர். அந்த 33 மீட்டருக்குள் ஒரு சைக்கிள்காரர் இருக்கலாம்.

கண்கூச்சம் பழைய கவலைதான். நம்மூரில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிரான்சில் 1930களின் கடைசியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். அங்கே வெகுகாலமாக இருக்கும் நம் உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள். அதெல்லாம் எதிரே வருபவரின் கண்ணுக்காக. இப்போது நம் கண்ணைக் கூச வைக்கும் விளக்கை நாமே காசு கொடுத்து வாங்கி உள்ளே மாட்டுகிறோம்.

ஒயர் கொடுத்ததால் கண் இளமையாகிவிடாது. அதனால் கண் மருத்துவரிடமும் போனேன். புரை ஆரம்ப நிலைதான், இப்போதைக்குக் கவலையில்லை என்றார். மகளிடம் பேசி உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம்: மழை இரவில் கார் எடுப்பதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை. நியாயமான பேச்சு, ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: இன்று இரவு காரை நிறுத்தி வைத்து, பார்க்கிங் லைட்டைப் போட்டுத் திரையைப் பாருங்கள். மங்கவில்லை என்றால் முதலில் மெனுவைப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் தெரிந்த எலக்ட்ரிஷியனிடம் ஆரஞ்சு ஒயரைக் கேளுங்கள். அப்பா, அம்மா ஓட்டும் கார் என்றால் நீங்களே போய்ப் பாருங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் சார்