விரல் எலும்பைத் தேடும் வேலை

தருமபுரிச் சீமை கருங்கல் பூமி. மழைநீர் அரித்து உள்ளே குடையும் சுண்ணாம்புக் குகைகள் இங்கே இல்லை. அதனால்தான் இரும்புக்கால மக்கள் இறந்தவர்களை வைக்கும் குகையைத் தாங்களே கட்டிக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றும். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். தரைக்கு மேல் நின்றால் கல்திட்டை, மண்ணுக்குள் இருந்தால் கல்பதுக்கை. ஆடு மேய்க்கிறவர்களுக்கு இரண்டும் பாண்டவர் வீடுதான். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த மல்லச்சந்திரத்துக் குன்றில் திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியங்கள்கூட உண்டு.

பதுக்கையைத் திறக்கும்போது என் கண் முதலில் போவது இடுதுளைக்கு, அதாவது பக்கக் கல்லில் வட்டமாக வெட்டிய ஓட்டைக்கு. பெரும்பாலும் முழு உடல் நுழையாத அளவு. பிறகு எதற்கு? எலும்புதான் பதில் சொல்லும். மண்டையோடும் தொடை எலும்பும் இருந்து, விரல் எலும்புகள் இல்லையென்றால், உடல் வேறெங்கோ மட்கிய பின் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள் என்று ஊகிக்கலாம். ஒரே அறையில் பலருடைய எலும்புகள் கிடைத்தால், அந்த வாசலுக்கு அவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கவும் கூடும்.

அவசரப்படக் கூடாது. இந்தச் செம்மண் சிறு எலும்பை முதலில் தின்னும். பல் இருக்கிறதா, எலும்புத் தூள் ஒட்டிய மண்ணா என்று சன்னச் சல்லடையில் சலித்த பிறகுதான் 'இல்லை' என்று ஏட்டில் எழுதுவேன். கறுப்பு சிவப்புப் பானையையோ சூதுபவள மணியையோ கண்டால் எடுக்கத்தான் கை துடிக்கும். ஆழம் அளந்து, வரைந்து, படம் எடுக்கும் வரை தொடுவதில்லை.

இலங்கையில் பாகியன்கலைக் குகையிலும் எலும்புகளைத் தேர்ந்தெடுத்து, செங்காவி பூசிப் புதைத்திருக்கிறார்கள். அவர்கள் வேட்டையாடிகள், நம் கல்லறைகளுக்குப் பல ஆயிரம் ஆண்டு மூத்தவர்கள். இருவருக்கும் உறவு இருந்ததாகச் சொல்ல ஆதாரம் எதுவுமில்லை. எலும்பைப் பொறுக்கும் பழக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

புதையல் தேடுகிறவர்கள் மூடுகல்லைப் புரட்டி உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிட்டுப் போகிறார்கள். பானை ஓடாகவாவது மிஞ்சும், எலும்பு கிடந்த வரிசை மிஞ்சாது. அப்படிப்பட்ட பதுக்கையையும் விடுவதில்லை. மூலைக்கல் அடியில் அவர்கள் கை படாத ஒரு பிடி மண் சில நேரம் தங்கியிருக்கும். சல்லடை முதலில் அங்கேதான் போகும்.