மாசிப் பனியும் முந்திரிக் கொல்லையும்

வரதராஜன்பேட்டை,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

டொரண்டோவில் வாசற்படிப் பனியை அள்ளிக் கொட்டிவிட்டு, வசந்தத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆண்டிமடத்தை அடுத்த இந்தச் செம்மண் பூமியிலும் இப்போது அதே எண்ணிக்கைதான் நடக்கிறது. இங்கே உறைபனி கிடையாது, விடியற்காலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும். ஆனாலும் இதைக் குளிர்காலம் என்றுதான் சொல்வேன். முந்திரியை நம்பிய வீட்டில் மார்கழி, தை, மாசி மூன்றும் காசு போகிற மாதங்கள். பங்குனி பிறந்து கொட்டை விழத் தொடங்கினால்தான் காசு வரும். மண் விளைச்சல் தராத நாட்கள் எத்தனை என்பதுதான் உழவனுக்குக் குளிர்காலத்தின் நீளம். அந்தக் கணக்கில் உங்கள் ஊர்ப் பனிக்கு இந்த ஊர்ப் பனி சளைத்ததில்லை.

கொல்லைக்குள் போய்ப் பார்த்தால் மரம் சும்மா இல்லை என்பது தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு துளிர் விட்டு, அந்தத் துளிரின் நுனியில்தான் பூங்கொத்து வரும். வெளிறி மலர்கிற பூ ஓரிரு நாளில் சிவந்துவிடுகிறது. கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடியவை கொஞ்சம், அவற்றிலும் முற்றி விழுபவை மிகக் கொஞ்சம். காய்க்கிற விதமும் விசித்திரம். கொட்டைதான் முதலில் முழு அளவுக்கு வளர்கிறது, பச்சைச் சிறுநீரகம் போல. பிறகு அது இறுகிச் சற்றுச் சுருங்க, கடைசிச் சில வாரங்களில் அதன் காம்பு வீங்கிப் பழமாகிறது. பூவிலிருந்து கொட்டை விழும்வரை ஏறக்குறைய 2 மாதம். இதற்குள் மேகமூட்டமோ பருவம் தவறிய மழையோ வந்தால் பூ கருகும். தேயிலைக் கொசு சாறு உறிஞ்சினால் கொத்தே தீய்ந்து நிற்கும். அதனால்தான் துளிரிலும் பூவிலும் பிஞ்சிலுமாக மூன்று முறை மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள். வரவில்லாத மாதங்களில்தான் செலவு. இந்த முரண்தான் இந்த ஊர்க் குளிர்காலத்தின் சாரம்.

இதைக் கடக்க மக்களுக்குப் பொறுமை வேண்டும் என்பது நாம் கேட்டுப் பழகிய அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருக்கும் வலிமை ஒருவரின் குணத்தில் இல்லை, கையிருப்பில் இருக்கிறது. பூவைப் பார்த்தே கொல்லையைக் குத்தகை பேசிவிடுவது முந்திரியில் உள்ள வழக்கம். மார்கழியில் மருந்துக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்படுகிறவர் பங்குனி விளைச்சலை அப்போதே கைமாற்றிவிடுகிறார். அவருக்குப் பொறுமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அறுவடைக்குப் பிறகும் இதே கதைதான். நன்றாகக் காய்ந்த கொட்டை மாதக்கணக்கில் கெடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து குவிக்கும்போது விற்காமல், வரத்து குறையும்வரை வைத்திருப்பவருக்கு நல்ல விலைக்கு வாய்ப்புண்டு. அப்படி வைத்திருக்க முடிகிறவர் பெரும்பாலும் வியாபாரிதான், விளைவித்தவர் அல்ல. கத்தோலிக்கர் மிகுந்த இந்த ஊரில் தவக்காலமும் இதே வாரங்களில்தான் வரும். விரும்பி நோற்கும் நோன்பு ஒன்று, பை காலியாக இருப்பதால் வரும் நோன்பு வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரால் புகழ்வது நியாயமில்லை.

குத்தகை என்பது ஏமாற்று அல்ல, அது ஒரு வகைக் காப்பீடு என்று நீங்கள் கேட்கக்கூடும். மழையோ பூச்சியோ வந்தால் நட்டம் குத்தகைதாரருக்குத்தானே? உண்மைதான், அந்த அச்சம் பொய்யும் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. நட்ட ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வரவே மூன்றாண்டு ஆகும், நிறைவான காய்ப்புக்கு இன்னும் பல ஆண்டு. அந்தக் குளிர்காலம் ஒரு பருவத்தில் முடியவில்லை. ஆனால் இந்தக் காப்பீட்டில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கிறோம், மழை பெய்யாமல் பூ முழுக்கக் காய்த்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்பதில்லை. நல்ல ஆண்டின் லாபம் முழுவதையும் கொடுத்துத்தான் கெட்ட ஆண்டிலிருந்து தப்புகிறார் கொல்லைக்காரர். இவ்வளவு பிரீமியம் கேட்கும் காப்பீடு வேறெங்கும் கிடையாது. முந்திரி வறட்சி தாங்கும் மரம், நட்டுவிட்டுப் போனால் தானாகக் காய்க்கும் என்பது இன்னொரு வாதம். காய்க்கும்தான், கவனிக்காத மரம் காய்க்கிற அளவுக்கு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ.-3 போன்ற நல்ல ரகமும் தெளிப்புக்குக் காசில்லாத கொல்லையில் தன் முழுத் திறனைக் காட்டாது.

இதற்கெல்லாம் அரசு என்ன செய்ய முடியும், பருவத்தை முந்திக் கொண்டுவர முடியுமா என்றால், அது தேவையே இல்லை. நீங்கள் வாழும் நாட்டில் அட்லாண்டிக் கரை மீனவர்களுக்கு 1957 முதல் வேலையின்மைக் காப்பீடு உண்டு. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் அவர்களுக்கு அது கைகொடுக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மாநில அரசே நிவாரணம் தருகிறது. அது சட்டம் போட்டுத் தடுப்பதற்கு ஈடு, மரத்தை யார் தடுத்தார்கள் என்று கேட்டால், மழைக்காலத்தில் மீன்பாடு குறையும் மாதங்களுக்கும் தனியாக நிவாரணம் இருக்கிறதே. அதற்குச் சட்டம் காரணமில்லை, பருவம்தான் காரணம். கடலுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைக் கொல்லைக்கும் நீட்ட வேண்டும். இலவசம்கூட வேண்டாம், கார்த்திகையில் கொடுத்துச் சித்திரையில் திரும்பப் பெறும் கூட்டுறவுக் கடனாக இருந்தாலே போதும். அறுவடைக்குப் பின் கொட்டையை இருப்பு வைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் வாங்க வழி இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேனிலில் கிடைக்கும் கடன், பனியில் கிடைப்பதில்லை.

அங்கே நம் வட்டத்தில் இந்தப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஈஸ்டருக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் கார்த்திகையிலேயே அனுப்பச் சொல்லுங்கள். முதல் தெளிப்புக்கு அப்போதுதான் அது வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்