மணல் மலை

தஞ்சைச் சீமையில் பிறந்தவனுக்கு மலை என்பது படத்தில் பார்க்கும் வஸ்து. காவேரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் மலைக்கு எங்கே போவது? ஆகையால், வேளாங்கண்ணிக்கு வடக்கே தெற்குப் பொய்கைநல்லூரில் கடலோர மணல் மேட்டைக் கண்டதும், என் எட்டு வயது மகள், "அப்பா, மலை!" என்று கூவியதில் வியப்பில்லை.

நானோ அந்த மலையைக் கரைக்க வந்தவன்! பூர்வீகமாகக் கிடைத்த துண்டு நிலத்தின் நடுவே ஒரு மேடு. அதைச் சமன் செய்து, கடலைப் பார்த்தாற்போல் வீடு கட்ட வேண்டுமென்று ஆசை. மணலை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்தது.

நிலத்தைக் காட்ட வந்த பெரியவர், காலடியில் படர்ந்திருந்த அடும்பங்கொடியைச் சுட்டினார். "இதுவும், அதோ அந்த ராவணன் மீசைப் புல்லும்தான் ஐயா, இங்கே கொத்தனார்கள். காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்துவைக்கும், மேடு வளரும். மழைநீரை உள்ளே வாங்கிக்கொண்டு, உப்புக் கடலின் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் கொடுக்கும்" என்றார்.

"கட்டி முடிக்க எத்தனை நாளாகும், தாத்தா?" என்றாள் மகள்.

"உன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே ஆரம்பித்த வேலை, அம்மா!"

பிறகு 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தெற்கே வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரிகர் கூட்டம். வடக்கே அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் மீனவர் குடியிருப்புகள். ஆழிப்பேரலை அங்கெல்லாம் புகுந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இடையிலிருந்த தெற்குப் பொய்கைநல்லூரிலோ, உயர்ந்த மணல் மேடுகளும் அவற்றின் மேலிருந்த மரங்களும் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன. ஊர் பிழைத்தது.

"தாழ்ந்த இடம்தான் கடலுக்கு வாசற்படி. மேட்டை எடுத்தால், உங்கள் வீட்டுக்கு மட்டுமா ஐயா வாசல் திறக்கும்? பின்னாலிருக்கும் ஊர்களுக்கும் அல்லவா?" என்றார் பெரியவர்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மணல் கேட்டவருக்கு அங்கிருந்தே, "விற்பதாக இல்லை" என்று சொல்லியனுப்பினேன்.

வேளாங்கண்ணிக்குத் திரும்பி, பஸ் ஏறியதும் மகள் மெதுவாகக் கையை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு பிடி மணல்.

"மலையில் கொஞ்சம், அப்பா!" என்றாள்.

காலையில் வண்டி வண்டியாக அள்ளிக் கொடுக்க இருந்த எனக்கு, அவளைக் கோபித்துக்கொள்ள ஏது யோக்கியதை?