பத்தாவது ஆள்

திருநெல்வேலி டவுனில் அல்வா கிண்டுபவர், பொட்டலம் மடிப்பவர், கல்லாவில் இருப்பவர் என ஒரு கடையின் ஆள்கணக்கு பத்தைத் தொட்டுவிட்டால், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், அதன் உரிமையாளர் 15 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்காக முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்த, வண்ணார்பேட்டை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பத்துக்கே சிகிச்சை உண்டு.

ஒருமுறை உள்ளே வந்த கடை, பின்னர் ஆள் குறைந்தாலும் வெளியேற இயலாது என்பதால், பத்தாமவரை 'சொந்தக்காரப் பையன்' என்று சொல்லி ஏட்டில் ஏற்றாமல் விடும் சாமர்த்தியம் (கணக்குப்பிள்ளையின் ஆசியோடுதான்) சில இடங்களில் நடக்கிறது.

கொதிக்கும் நெய் அந்தப் பையன் கையில் தெறித்தால், வைத்தியச் செலவு யார் கணக்கில் ஏறும்?