சமூகப் பணியாளராக விரும்புகிறேன்



"எனது எதிர்கால இலட்சியம்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம்மிற் பெரும்பாலோர் வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர் என்றே எழுதுவோம். பத்தாம் தரத்தில் நானும் வைத்தியர் என்றுதான் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. இன்று அதே தலைப்பைத் தந்தால் சமூகப் பணியாளர் என்று எழுதுவேன். அந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதையும், தொடக்கத்தில் நான் விட்ட பிழையையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2023 தை, மாசி மாதங்களிலேதான் நடைபெற்றது. பெறுபேறு வரச் செப்டெம்பர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் வீட்டிற் சும்மா இருந்தேன். அவ்வருடம் யூலை மாதத்தில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியது. பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்க மண்டபத்திற் படிவம் நிரப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் தேவை என்றதும் நானும் போனேன்.

அத்திட்டத்தை நீங்களும் வீட்டில் அறிந்திருப்பீர்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு குடும்பங்களை நான்காக வகுத்தார்கள். அப்போது மிகவும் வறிய குடும்பத்திற்கு மாதம் 15,000 ரூபாவும், வறிய குடும்பத்திற்கு 8,500 ரூபாவும், ஏனைய இரு வகையினருக்கு முறையே 5,000 ரூபாவும் 2,500 ரூபாவும் வழங்கப்பட்டன. தாளிற் பார்த்தால் ஒழுங்கான முறைதான். ஆனால் எங்கள் பகுதியிற் போருக்குப் பின்னர் வீட்டுத்திட்டத்தாற் கிடைத்த கல்வீட்டில் ஒரு நேரச் சோற்றோடு இருப்பவர்கள் பலர். வீட்டைப் பார்த்தால் வசதி. அடுப்பைப் பார்த்தாற்றான் உண்மை தெரியும்.

மண்டபத்திற்கு வந்த முதல் நாளே எங்களுக்குப் பொறுப்பாயிருந்த அக்கா ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார். படிவத்தில் வாசித்தது எதுவும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. அதை மட்டும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இரண்டாம் நாள் ஓர் ஆச்சி வந்தார். எழுபது வயதிருக்கும். பட்டியலில் அவர் பெயர் இல்லை. கையிற் பனையோலைப் பெட்டிகள் கட்டிய ஒரு சாக்கு. எனக்கு மனம் இளகிவிட்டது. எப்படியாவது இவருக்கு உதவி கிடைக்கவேண்டும் என்று நினைத்து, அவரிடம் அதிகம் கேளாமலே மளமளவென்று நிரப்பினேன். தொழில் இல்லை, வருமானம் இல்லை. எழுதி முடித்து, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவர்முன் நகர்த்தினேன்.

"என்ன எழுதினனீ? வாசி பாப்பம்" என்றார்.

வாசித்தேன்.

"தொழில் இல்லையெண்டு ஆர் உனக்குச் சொன்னது? விடிய நாலு மணிக்கு எழும்பி உந்தப் பெட்டியளை ஆர் பின்னுறது?"

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, வருமானம் எண்டு எழுதினால் காசு கிடையாமல் போகலாம்" என்றேன்.

"கிடையாட்டிப் போகட்டும். நான் செய்யிற வேலையை இல்லையெண்டு எழுத உனக்கு உரிமையில்லைத் தம்பி."

புதுப் படிவம் எடுத்தேன். இம்முறை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஓலை வாங்கும் செலவு, சந்தையில் விற்கும் விலை, மழைக்காலத்தில் வேலை நின்றுபோவது, இரத்த அழுத்தத்திற்கு மாதாந்தம் கிளினிக் போவது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. கணக்குப் பார்த்தால் அவர் உழைப்பது மிகச் சொற்பம். என் பொய்யை விட அவருடைய உண்மை பலமாக இருந்தது. கடைசியில் அவர் மைப்பெட்டியைத் தொடவேயில்லை. என் பேனாவை வாங்கித் தமது பெயரை முழுதாக எழுதினார்.

பிற்பாடு ஒரு நூலில் வாசித்தேன். பீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957 இல் சமூகப் பணிக்கு ஏழு கோட்பாடுகளை வகுத்துக் கூறியிருக்கிறார். உதவி நாடி வருபவர் தமது காரியத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவற்றுள் ஒன்று. இரகசியம் பேணல் இன்னொன்று. ஆச்சி அந்த நூலைக் கண்டதில்லை.

இரக்கம் இருந்தாற் போதும், சமூகப் பணிக்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் இரக்கம் செய்த வேலையைத்தான் பார்த்தீர்களே. நம் நாட்டில் இத்துறைப் பயிற்சி 1952 இலேயே தொடங்கிவிட்டது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் இதனைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். வகுப்போடு களப்பயிற்சியும் உண்டு. எந்தப் பிரிவில் உயர்தரம் படிப்பது என்று யோசிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியின் முதல் மேன்முறையீடு சரிவரவில்லை. நான் முதலில் எழுதியபடியே விட்டிருந்தாற் கிடைத்திருக்குமோ என்று பல இரவுகள் யோசித்ததுண்டு. அதற்கு இன்றும் என்னிடம் விடையில்லை. அவரிடம் செய்தியைச் சொன்னபோது, "திரும்ப எழுதுவம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு மண்டபத்திற்கு வந்தார். நான் பேனாவை எடுத்தேன். ஆச்சி படிவத்தின்மேற் கையை வைத்துக்கொண்டு, "முதல்ல அவளிட்டைக் கேள்" என்றார்.