லிசியே நகரில் ஒரு வீட்டுப் பள்ளிக்கூடம்

பாரிஸ் மாநகரின் சேன்-லசார் நிலையத்தில் புகைவண்டி ஏறும் யாத்திரிகர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நார்மண்டிப் பகுதியிலுள்ள லிசியே நகரை அடைந்துவிடலாம். இறங்கியதும் கண்ணில் படுவது குன்றின்மேல் எழுந்து நிற்கும் பேராலயம். 1929-இல் கட்டத் தொடங்கி 1954-இல் அபிஷேகம் செய்யப்பட்ட அந்த ஆலயத்தையும், சிறுமலர் புனித தெரேசாள் துறவு வாழ்ந்த கார்மேல் மடத்தையும் பற்றி நம் இல்லங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கே நாம் காணப்போவது அவ்விரண்டையும் அன்று. நகரின் மறுபுறத்தில், சரிவான ஒரு பாதையின் மேலே, மதில் சூழ்ந்த தோட்டத்தின் நடுவே நிற்கும் செங்கல் வீடு ஒன்றை. லே புயிசொன்னே என்பது அதன் பெயர். தாயை இழந்த ஐந்து பெண்மக்களை ஒரு தகப்பனார் ஆளாக்கிய இடம் அது.

அலான்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்தவர் லூயி மார்ட்டின். அவருடைய மனைவி செலி அம்மையார் நுண்ணிய லேஸ் பின்னல் தொழிலை நடத்தியவர். 1877 ஆகஸ்ட் 28-இல் செலி அம்மையார் புற்றுநோயால் மரித்தபோது மூத்தவள் மரிக்கு வயது 17, கடைசிக் குழந்தை தெரேசாளுக்கு நாலரை. மைத்துனரான கெரேன் லிசியேயில் மருந்துக் கடை வைத்திருந்தார். அவர் குடும்பத்தின் அருகில் இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது என்று எண்ணி, அதே ஆண்டு நவம்பரில் தகப்பனார் பழகிய ஊரை விட்டு இவ்வீட்டிற்குக் குடி வந்தார். பிள்ளைகளின் கல்வி பற்றிய முதல் தீர்மானம் அதுதான் என்பேன்: பாடப் புத்தகத்தை அல்ல, அவர்களைச் சுற்றி இருக்க வேண்டிய மனிதரை அவர் முதலில் தேர்ந்துகொண்டார்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு உணவு அறை, கணப்படுப்பு, தெரேசாளின் படுக்கை அறை, விளையாட்டுப் பொருள்கள், புதுநன்மை உடை முதலியவற்றைக் காட்டுகிறார்கள். விளையாட்டுப் பொருள்களின் முன்பே கூட்டம் அதிகம் நிற்கும்; அது இயல்பே. ஆயினும் வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இதே குடும்பத்தில் ஐந்து பெண்களுக்கும் ஒரே கல்வி கொடுக்கப்படவில்லை. மரியும் பொலினும் லெ மான் நகரில், தம் பெரியன்னை கன்னியாஸ்திரியாக இருந்த மடத்தின் விடுதிப் பள்ளியில் பயின்றார்கள். லெயோனியையும் அங்கே அனுப்பிப் பார்த்தார்கள். பள்ளியின் ஒழுங்குக்கு அவள் அடங்காததால் திருப்பி அனுப்பப்பட்டாள். செலின், லிசியேயிலிருந்த ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் பள்ளியில் படிப்பை 1885-இல் ஒழுங்காக முடித்தாள். தெரேசாளோ அதே பள்ளியிலிருந்து 13 வயதில் நிறுத்தப்பட்டு வீட்டுக் கல்விக்குத் திரும்பினாள். பள்ளியே வேண்டாம் என்ற கொள்கையும் அவர்களுக்கு இல்லை. எப்பாடுபட்டாகிலும் பள்ளியில் இருத்தியே தீரவேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை.

எட்டரை வயது வரை தெரேசாளுக்கு ஆசிரியை பொலின் அக்காள். காலையில் பாடம், நல்ல மதிப்பெண் பெற்றால் மாலையில் தகப்பனாருடன் உலாவச் செல்ல அனுமதி. ஆலயங்களைச் சந்திப்பதும் தகப்பனார் தூண்டில் போடும் ஆற்றங்கரையில் அமர்வதும் அந்த உலாவின் பகுதி. இரவில் சதுரங்கப் பலகை விளையாட்டு, பிறகு திருவழிபாட்டு ஆண்டை விளக்கும் நூலிலிருந்து வாசிப்பு, பிறகு குடும்ப ஜெபம். 1881 அக்டோபரில் கன்னியர் பள்ளியில் சேர்ந்தபோது, தன்னைவிட மூத்த சிறுமியரின் வகுப்பில் அவளை வைத்தார்கள். ஞானோபதேசத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பாடம் நடத்திய குருவானவர் அவளைக் குட்டி மறைவல்லுநர் என்றே அழைத்தார். (1997-இல் திருச்சபை அதையே மெய்யாக்கியது.) ஆனால் கணக்கும் எழுத்துப் பிழையின்றி எழுதுவதும் வரவில்லை. பொறாமை கொண்ட தோழியின் தொல்லை, விளையாட்டில் கலக்கத் தெரியாத கூச்சம், 1882-இல் பொலின் மடம் புகுந்த பிரிவு, 1883-இன் கடும் நோய், 1885 முதல் பாவமல்லாததையும் பாவமென்று அஞ்சிய மனவேதனை, ஓயாத தலைவலி: இவையெல்லாம் சேர்ந்தன. துணையாக இருந்த செலினும் படிப்பை முடித்துவிட்டாள். 1886-இன் தொடக்கத்தில் தகப்பனார் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டார்.

சட்டம் அப்போது தடை சொல்லவில்லை. 1882 மார்ச் 28-இல் வந்த ஜூல் ஃபெரியின் சட்டம் 6 முதல் 13 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது; அதைப் பள்ளியிலோ வீட்டிலோ பெறலாம் என்றது. இன்று நிலை வேறு. பிரான்சில் 3 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021 ஆகஸ்ட் 24-ஆம் நாள் சட்டத்தின்படி, 2022 முதல் வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் காரணம் காட்டி அரசின் முன்னனுமதி பெற வேண்டும். பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்ததைச் சுட்டி, அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சில இதை வருத்தத்தோடு பேசுகின்றன.

பள்ளியை விட்ட பின் தெரேசாள் வாரத்தில் பல முறை பப்பினோ என்னும் அம்மையாரின் இல்லத்திற்குச் சென்று பாடம் கேட்டாள். பழங்காலத் தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த கூடம். அம்மையாரின் வயது முதிர்ந்த தாயார். வந்து போகும் விருந்தினர். சிறுமி புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருப்பாள். ஆனால் இந்த அழகிய பெண் யார் என்று வந்தவர்கள் கேட்பதும், கூந்தலைப் புகழ்வதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது தனக்கு இனித்தது என்று அவளே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். வீட்டில் வைத்துப் படிப்பித்தால் உலகம் உள்ளே நுழையாது என்று நம்பும் பெற்றோர் இந்தப் பக்கத்தை இருமுறை படிக்கலாம்.

மாடியின் மேலே கூரையை ஒட்டிய அறை ஒன்று அவளுடையதாயிற்று. முன்பு பொலின் ஓவியம் தீட்டிய இடம் அது. பறவைக் கூண்டு, செடிகள், கரிய மரச் சிலுவை, புனித சூசையப்பர் சுரூபம், மணற்கடிகை, புத்தகங்கள் என அது ஒரு கடைவீதி போலவே இருந்ததாம். வயது வந்த பிள்ளைக்குத் தன் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளவும் கலைத்துப் போடவும் ஓர் இடம் விட்டுக் கொடுத்தார்கள். இதைச் சிறு காரியம் என்று நான் நினைக்கவில்லை.

1886 அக்டோபரில் மரியும் மடம் புகுந்தாள். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாள் இரவில், கணப்படுப்பருகே பரிசுகள் வைத்த காலணிகளைப் பார்த்துத் தகப்பனார் களைப்பில் சொன்ன ஒரு சொல் அவளைச் சுட்டது. கண்ணீரை அடக்கிக்கொண்டு மலர்ந்த முகத்துடன் இறங்கி வந்தாள். குழந்தைப் பருவத்தை விட்டு வெளியேறிய இரவாக அதை அவள் குறிப்பிடுகிறாள். பதினான்கு நிறைய எட்டே நாள் இருந்தது. அதன் பின்பே கற்கும் தாகம் பொங்கியது. கொடுத்த பாடங்கள் போதவில்லை. வரலாறும் இயற்கை அறிவியலும் தானாகவே படித்தாள். சில மாதங்களில் அறிந்தது, முன் எல்லா ஆண்டுகளிலும் கற்றதைவிட அதிகம் என்கிறாள். கிறிஸ்துநாதர் அநுசாரம் நூல் ஏறக்குறைய மனப்பாடம். கார்மேல் மடத்திலிருந்து தகப்பனார் இரவல் வாங்கி வந்த ஆர்மன்ஷோன் குருவின் மறுவாழ்வு பற்றிய பிரசங்க நூலை 1887-இல் ஜன்னலோரம் அமர்ந்து வாசித்தாள். மாலைகளில் செலினும் அவளும் வீட்டின் உச்சியிலுள்ள பார்வை மாடத்தில் விண்மீன்களை நோக்கியபடி இறைவனைப் பற்றிப் பேசினார்கள்.

மாதா பிள்ளைகள் சபையில் சேரும்பொருட்டு, விட்டுவந்த பள்ளிக்கே வாரத்தில் இரு பிற்பகல் அவள் மறுபடியும் சென்றாள். பேச்சுத் துணையின்றித் தையல் வேலையை முடித்துவிட்டு, தகப்பனார் வரும்வரை கோவிலில் நற்கருணைநாதர் முன் இருப்பாள். அது கசப்பான மருந்துதான். 1887 நவம்பரில் தகப்பனார் அவளையும் செலினையும் ரோமைத் திருயாத்திரைக்கு அழைத்துச் சென்றார். மிலான், வெனிஸ், லொரேத்தோ, அசிசி என ஏறக்குறைய ஒரு மாதம். நெடுநாள் படிப்பைவிட அப்பயணம் அதிகம் கற்பித்தது என்பது அவளுடைய தீர்ப்பு. குருக்களும் பலவீனமான மனிதரே என்பதை அருகிருந்து கண்டு, அவர்களுக்காக மன்றாட வேண்டிய அவசியத்தை உணர்ந்தது அந்த வண்டிகளிலும் விடுதிகளிலும்தான்.

இக்குடும்பத்திலும் குறை நேர்ந்தது. செலினுக்கு ஓவிய ஆசிரியர் ஏற்பாடானபோது உனக்கும் வேண்டுமா என்று தகப்பனார் கேட்டார். தெரேசாளுக்குப் பத்து வயது. அவள் வாய் திறக்குமுன் மரி குறுக்கிட்டு, இவளுக்கு அத்திறமை இல்லை என்றாள். பேச்சு அத்துடன் முடிந்தது. உள்ளே எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைத் தெரேசாள் வெகுகாலம் சொல்லவில்லை. பின்னர் மடத்தில் தூரிகை பிடித்து ஓவியங்கள் தீட்டினாள்.

1944 ஜூனில் விழுந்த குண்டுகள் லிசியேயின் பெரும்பகுதியை அழித்தன. தெரேசாள் பயின்ற கன்னியர் மடம் அழிந்தது, இவ்வீடு தப்பியது. தோட்டத்தில் தகப்பனும் மகளும் அருகருகே அமர்ந்த சிலை உள்ளது. 1887 மே 29, தூய ஆவி பெருவிழா மாலையில் மடம் புக அவள் அனுமதி கேட்ட காட்சி அது. அவர் அழுதார், பின் சம்மதித்தார். 1888 ஏப்ரல் 9-இல், 15 வயதில், அவள் வீட்டை விட்டுச் சென்றாள். பெற்றோர் இருவரும் 2015-இல் புனிதராக உயர்த்தப்பட்டனர்.

லிசியேயிலிருந்து மேற்கே அரைமணி நேரப் புகைவண்டிப் பயணத்தில் கான் என்னும் நகரம் இருக்கிறது. லெ மான் பள்ளி திருப்பி அனுப்பிய லெயோனி, மூன்று முறை துறவறத்தில் முயன்று திரும்பி வந்து, 1899-இல் 35-ஆம் வயதில் அங்குள்ள மடத்தில் நிலைத்தாள். அவளுடைய புனிதர் பட்ட விசாரணை 2015-இல் தொடங்கியது. லிசியேக்கு வருகிற யாத்திரிகரில் பலர் கானுக்குப் போவதில்லை. பள்ளியில் தேறாத பிள்ளையை எண்ணிக் கலங்கும் பெற்றோர் அந்த அரைமணி நேரத்தையும் ஒதுக்கிக்கொண்டு போகலாம்.